கத்தி போய்க் கல் வந்தது, டும் டும் டும்!

எங்கள் வீட்டில் ஆறு கத்திகள் இருக்கின்றன. ஆறுக்கும் ஒரே குணம். தக்காளியைக் கண்டால் பாவம் பார்க்கும்.

சத்தியமாக சார். வைத்து அழுத்தினால் தக்காளி குழிகிறது, நெளிகிறது, கடைசியில் பொறுமை இழந்து தானாகவே வெடிக்கிறது. 'வெட்டினேன்' என்பதைவிட 'மிரட்டினேன்' என்பதுதான் பொருத்தம். நானும் இதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. டிபன் பாக்ஸில் வருகிற வெஞ்சனம் வெட்டி வந்ததா, வெடித்து வந்ததா என்று எவன் பார்க்கிறான்?

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அம்மா கருணைக்கிழங்கு வெட்டினாள்.

அம்மாவுக்கு வயது 74. கல்யாணமான நாளிலிருந்து அருவாமனை முன்னால் உட்கார்ந்த உடம்பு. முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் 'தரையில் உட்காரக்கூடாது' என்று உத்தரவாகி, அருவாமனை பரணுக்குப் போனது. அம்மா டைனிங் டேபிளுக்கு வந்தாள். பழகாத கத்தி. அதுவும் மொண்ணைக் கத்தி. கிழங்கில் இறங்கவில்லை. அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள். சறுக்கிக்கொண்டு போய் இடது கை ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. (கிழங்கில் இறங்காத கத்தி விரலில் மட்டும் எப்படி சார் இறங்குகிறது?) மூன்று தையல்.

தையல் போட்ட டாக்டர் முதலில் கேட்டதே, "கத்தி மொண்ணையா?" என்றுதான்.

"ஆமா டாக்டர். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கூரான கத்தி போற வழியில போகும். மொண்ணைக் கத்தியை நீங்கதான் தள்ளணும். தள்ளுன வேகம் எங்கிட்டாவது போய் நிக்கணும்ல?"

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, "அத்தை, இனிமே நீங்க காய்கறி பக்கமே வராதீங்க. எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றாள். கரிசனமாகத்தான் சொன்னாள். ஆனால் மறுநாள் காலை ஏழு மணிக்கு, என்ன செய்வதென்று தெரியாமல் அம்மா பால்கனியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீரை ஆயக்கூட வரவில்லை.

"எதுக்குப்பா... என் கை பட்டா அதுவும் கெட்டுப்போயிரும்" என்றாள்.

ஆறு கத்திக்கும் இல்லாத கூர் அந்த வார்த்தையில் இருந்தது. கத்தியைத் தீட்டாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எதை வைத்துத் தீட்டுவது? அங்கேதான் ஆரம்பித்தது கலாட்டா.

ஆபீஸில் விஷயத்தைப் போட்டேன். கேஷியர், "புதுசா ஒண்ணு வாங்கிட்டுப் போவீங்களா..." என்றார். அப்படி வாங்கி வாங்கித்தான் ஆறு ஆனது! இங்கிலாந்தில் ஷெஃபீல்டு ஊரில் ஹாரி பிரியர்லி என்பவர் 1913-ல் துருப்பிடிக்காத இரும்பை உருக்கினார். அந்த ஊரே கத்திக்குப் பேர்போனது. அன்றிலிருந்து உலகத்துச் சமையலறைகளுக்கெல்லாம் ஒரே நிம்மதி, துரு கிடையாது. ஆனால் மலிவு விலை எவர்சில்வர் கத்தியின் இரும்பு கொஞ்சம் மெத்தென்று இருக்கும். விளிம்பு சீக்கிரம் மடங்கிப் படுத்துவிடும். துருவும் பிடிக்காது, கூரும் நிற்காது.

மானாமதுரைக்காரர் ஒருவர், "பேசாம திருப்பாச்சேத்திக்கு விடுங்க வண்டியை" என்றார். ராமேஸ்வரம் ரோட்டில் 30 கிலோமீட்டர். அருவாளுக்கு அதைவிட்டால் வேறு ஊர் ஏது? ஆனால் அருவாள், கத்தி வாங்குகிறவர்களின் பெயர், விலாசத்தைக் குறித்து வைக்கச் சொல்லி 2021-ல் பட்டறைக்காரர்களுக்கு போலீஸ் உத்தரவு போட்டது ஞாபகம் வந்தது. 'எதற்கு வாங்குகிறீர்கள்?' என்று கேட்டால், 'கருணைக்கிழங்கு' என்றா சொல்வது? நம்புவார்களா?

அடுத்து என் பையன் ஆன்லைனில் ஒரு சமாசாரம் வரவழைத்தான். பிளாஸ்டிக் பிடி, நடுவில் 'வி' மாதிரி ஒரு பள்ளம். கத்தியை உள்ளே விட்டு நாலு இழுப்பு இழுத்தால் போதுமாம். இழுத்தேன். தக்காளி பணிந்தது! வீடே கை தட்டியது. பத்தாம் நாள் பழையபடி மொண்ணை. உற்றுப் பார்த்தால் பள்ளத்துக்குக் கீழே கம்பிச் சுருள் மாதிரி இரும்புத்துகள். அது தீட்டவில்லை சார், கத்தியைச் சீவியிருக்கிறது! அவசரத்துக்கு ஓகே. வாராவாரம் இழுத்தால், தீபாவளிக்குள் கத்தி போய்க் கம்பி வந்துவிடும்.

மனைவி தன் பங்குக்கு ஒரு வீடியோ காட்டினாள். பீங்கான் கப்பைக் கவிழ்த்து, அடியில் மெருகு பூசாமல் சொரசொரவென்று இருக்கிற வளையத்தில் கத்தியைத் தேய்ப்பது. நம்பாமல்தான் தேய்த்தேன். வேலை செய்கிறது! பீங்கான் நம் கத்தி இரும்பைவிடக் கடினம். கொஞ்சம் மங்கின கத்திக்குச் சரி. எங்கள் வீட்டுக் கத்திகளோ கோமாவில் இருந்தன. தவிர, அந்தக் கப்பில் காபி குடிக்கும்போதெல்லாம் வாயில் இரும்பு வாசனை வருவதாக ஒரு பிரமை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தெய்வமே அனுப்பியதுபோல் தெருவில் சாணைக்காரர் குரல். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, பெடலை மிதித்தால் கல் சுற்றுகிற பழைய ஏற்பாடு. ஒருகாலத்தில் 'அம்மி கொத்தலையோ'வும் 'சாணை பிடிக்கலையோ'வும் வராத வாரமே கிடையாது. இப்போது கே.கே. நகர் பக்கம் எப்போதாவதுதான்.

அந்தக் கல்லில் இருக்கிற கார்பரண்டம் என்கிற சரக்குக்கே ஒரு கதை உண்டு. 1891-ல் அமெரிக்காவில் எட்வர்டு அச்சிசன் என்பவர் செயற்கை வைரம் செய்ய ஆசைப்பட்டு, களிமண்ணையும் கரித்தூளையும் மின்சாரத்தில் காய்ச்சினார். வைரம் வரவில்லை, வைரத்துக்குத் தம்பி மாதிரி இது வந்தது. நம் ஊர் முருகப்பா குழுமம் 1954-ல் இதற்கென்றே கம்பெனி தொடங்கியது.

சாணைக்காரர் என் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பைய பிடிக்கணும் சார். சூடேறி நீலம் பாரிச்சிருச்சுன்னா இரும்பு செத்துப்போச்சு. அப்பறம் கூரு நிக்காது." தண்ணீர் தொட்டுத் தொட்டுத்தான் பிடித்தார். பிரமாதமான வேலை. "அடுத்து எப்ப வருவீங்க?" என்றேன். "தெரியலை சார்... ஒரு நாளைக்கு நாலு வீடுகூடக் கூப்பிட மாட்டேங்குறாங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். ஒரு மாசத்தில் கத்தி மறுபடி மங்கும். அவரை எங்கே போய்த் தேடுவது?

விடை வண்டியூர் கண்மாய்க்கரையில் கிடைத்தது. கூட வாக்கிங் வருகிறவர்களில் ஒருவர் பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். நாங்கள் கூப்பிடுவது 'பொன்மலை சார்'. கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, "தீட்டுக்கல் வாங்குங்க தம்பி. ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000. நம்பர் கூடக்கூட நைசு" என்றார். வீட்டுக்கே வந்து பாடம் எடுத்தார்.

"ஒரு பேப்பர் எடுங்க. மூலை 90 டிகிரியா? ரெண்டா மடிச்சா 45. இன்னொரு மடிப்பு, இருபத்திரண்டரை. நம்ம கத்திக்கு அதைவிடத் துளி படுத்தாப்பல வச்சாப் போதும். கடைசிவரைக்கும் அந்தச் சாய்வு மாறக்கூடாது. கல்லைத் தண்ணியில ஊறப் போடுங்க. அழுத்தாதீங்க, கல்லு தானா எடுக்கும். ஒரு பக்கம் தேய்ச்சதும் மறுபக்கம் விரலைக் குறுக்கே தடவினா லேசாப் பிசிறு தட்டுப்படும். அது வந்தாத்தான் விளிம்புவரைக்கும் தேய்ஞ்சதா அர்த்தம். அப்புறம் திருப்புங்க. கடைசியா நைசுப் பக்கத்துல தேய்ச்சுப் பிசிறை எடுத்திருங்க. அவ்வளவுதான்."

'அவ்வளவுதான்' என்று அவர் சொன்னது எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. முதல் வாரம் சாய்வு ஆடி, கத்தி முழுக்கக் கீறல். இரண்டாவது வாரம் என் கட்டைவிரலில் பிளாஸ்திரி. மூன்றாவது வாரம், தொங்கவிட்ட நியூஸ்பேப்பரில் கத்தியை வைத்து இழுத்தேன். சர்ரென்று சத்தமே இல்லாமல் இரண்டாகப் பிரிந்தது. (மனைவி அதை இன்னும் படிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.)

அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தையல் பிரித்த விரலை ஒதுக்கிவைத்துக்கொண்டு, கட்டைவிரலால் விளிம்பைக் குறுக்கே தடவிப் பார்த்தாள்.

"கூரு இருக்குப்பா" என்றாள். கொஞ்சம் கழித்து, தயங்கித் தயங்கி, "இந்தக் கல்லு... அருவாமனைக்கும் ஆகுமா?"

பரணிலிருந்து இறக்கினேன். கல்யாணத்தின்போது தாத்தா திருப்பாச்சேத்திப் பட்டறையில் சொல்லி அடித்துக் கொடுத்தது. துரு ஏறிக் கிடந்தது. வளைந்த அலகு என்பதால் அதை ஆட்டாமல் கல்லைத்தான் அதன்மேல் ஓட்டவேண்டும். பத்தே நிமிஷம் சார்! எவர்சில்வர் மூன்று வாரம் பிகு பண்ணிய இடத்தில், அந்தப் பழைய இரும்பு சொன்னபேச்சுக் கேட்டது. பொன்மலை சார் இரண்டு கிளாம்ப் கொண்டுவந்து, பலகையை டேபிள் ஓரத்தில் ஆடாமல் இறுக்கிக் கொடுத்தார். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து வெண்டைக்காயை எடுத்தாள். டக், டக், டக். ஒரே அளவு, ஒரே சத்தம்.

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. உள்ளே போய் அரை கிலோ பீன்ஸைக் கொண்டுவந்து அம்மா பக்கத்தில் வைத்துவிட்டு, "அத்தை, பொரியலுக்குப் பொடிசா..." என்றாள்.

அம்மா தலையைத் தூக்காமலே, "எனக்குத் தெரியும்" என்றாள். என்ன அதிகாரம்! காது குளிர்ந்துபோயிற்று.

'தீட்டின மரத்திலேயே பதம் பார்க்கிறது' என்று நன்றி கெட்டவர்களைச் சொல்வோமே, மரத்தில் எப்படித் தீட்டுவது என்று அன்றைக்குத்தான் அம்மாவிடம் கேட்டேன். "எங்க ஊர்ல பலகையில வெங்கச்சாங்கல்லுப் பொடியைத் தூவி அதுலதான் அருவாளைத் தீட்டுவாங்க. கல்லு வாங்க யாருட்ட காசு இருந்துச்சு?" என்றாள். அறுவடைக்குப் போகிறவன் கூர் வந்ததா என்று அந்தப் பலகையையே ஒரு போடு போட்டால் அதற்கு எப்படி இருக்கும்?

எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். விஷயம் வெளியே பரவிவிட்டது. மேல்வீட்டு அக்கா மூன்று கத்தி, எதிர்வீட்டு மாமி ஒரு தேங்காய் துருவி, பொன்மலை சார் வீட்டிலிருந்தே இரண்டு கத்தரிக்கோல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கே.கே. நகரே சாப்பிட்டுவிட்டுத் தூங்கும்போது, நான் மட்டும் பால்கனியில் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று மேல்வீட்டு அக்கா கத்தியைத் திருப்பி வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"போன தடவை இன்னும் கொஞ்சம் நல்லா இருந்துச்சு தம்பி!"