ஒருவனுக்கு டாக்டர், இன்னொருவனுக்குச் சாதி

ஆரணி பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளி. மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டான். கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்வான். நோட்டைத் தினமும் தொலைப்பான். வீட்டிலும் இப்படித்தான் என்கிறார் அம்மா. ஆசிரியரிடம் கேட்டேன். "காலனிப் பசங்க அப்படித்தான் மேடம்" என்றார். அதே வகுப்பில் ஊர்த்தெருப் பையன் ஒருவனும் இதே மாதிரிதான். அவனை டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறாராம்.

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாடு மூளை வளர்ச்சி சார்ந்தது. உலகளவில் சுமார் 5 விழுக்காடு குழந்தைகளுக்கு இருக்கிறது. வளர்ப்பும் சாதியும் அதற்குக் காரணமல்ல. அதற்காக, துறுதுறுவென்று இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த முத்திரையைக் குத்திவிடவும் கூடாது. பசி, தூக்கமின்மை, அடிக்குப் பயம், இவையும் கவனத்தைக் குலைக்கும். 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், வீடு பள்ளி இரண்டிலும் தெரிய வேண்டும். இதையெல்லாம் பார்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். சத்தம் போடாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இது இருக்கலாம். அவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. ஆனால் 2013இல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் இருக்கிறது. அத்திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை அரசுப் பள்ளிக்கு வர வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆனால் "இவனைப் பாருங்கள்" என்று அந்தக் குழுவிடம் ஆசிரியர் சொன்னால்தானே?

யாரும் சொல்லாவிட்டால் என்ன ஆகும்? இது பட்டுத்தறி ஊர். "படிப்பு ஏறல, தறியில உட்கார்ந்தா அடங்குவான்" என்பார்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம், பள்ளி நேரம் போக, ஆபத்தானவை எனப் பட்டியலிடப்படாத குடும்பத் தொழிலில் உதவ அனுமதிக்கிறது. வகுப்பில் தினமும் அவமானப்படும் பிள்ளைக்கு அந்தப் பள்ளி நேரமும் மெல்ல மெல்லச் சுருங்கும்.

வகுப்பறையில் பெரிய செலவு எதுவும் தேவையில்லை. முன்வரிசையில் இடம், ஒரு நேரத்தில் ஒரே வேலை, அதையும் சிறு துண்டுகளாக. கரும்பலகை துடைக்க, நோட்டு அடுக்க எழுந்து நடக்க வாய்ப்பு. செய்ததும் உடனே ஒரு பாராட்டு. தண்டனையாக விளையாட்டு நேரத்தைப் பிடுங்கக் கூடாது. அடிக்கவும் மனம் நோகப் பேசவும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவே தடை விதிக்கிறது. "காலனிப் பசங்க" என்ற பேச்சும் மனத்துன்புறுத்தல்தான்.

மாலை நேர வகுப்பு நடத்தும் தோழர்களே, ஒரு பிள்ளையை "வாலு" என்று ஒதுக்கும் முன் அவன் எதில் கவனம் இழக்கிறான், எப்போது அமைதியாகிறான் என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்போடு பெற்றோரைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள். மருத்துவக் குழு எப்போது வரும் என்று கேளுங்கள். நம் பிள்ளையையும் டாக்டரிடம் காட்டச் சொல்ல வைப்பது சலுகையல்ல, உரிமை.