லயத்துப் பிள்ளையும் அக்கரைப் படிப்பும்

பத்திராதிபர் அவர்களுக்கு,

வெளிநாட்டு உயர்கல்வி பற்றிய விளம்பரங்கள் கொழும்பு–கண்டி வீதியோரமெங்கும் கவர்ச்சியாகக் காட்சியளிக்கின்ற இக்காலத்தில், எங்கள் பகுதி ரப்பர்த் தோட்டங்களின் லயங்களிலிருந்து ஒரு பிள்ளை அக்கரைப் பல்கலைக்கழகமொன்றுக்குச் செல்ல எத்தனிக்கும்போது முதலில் வழிமறித்து நிற்பது வங்கிக் கணக்கே என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

பிரித்தானிய மாணவர் விசாவுக்கு, கட்டணமும் ஜீவனச் செலவுமாகிய பெருந்தொகை தொடர்ந்து 28 நாட்கள் குறையாமல் கணக்கில் இருக்க வேண்டுமாம்; விடியுமுன் பால்வெட்டப் போய், சிரட்டை சிரட்டையாகப் பாலை வாளியில் சேர்க்கும் தாயின் கணக்கிலோ, சம்பளம் விழுந்த மறுநாள் எஞ்சுவது சொற்பம். ஈடு வைக்கலாமென்றால், தலைமுறைகளாக வாழ்ந்த லயக் காம்பராவுக்கு அவர்கள் பெயரில் உறுதி இல்லை. ஊழியர் சேமலாப நிதியை நம்பிக் கடன்படுவதை நான் ஆதரிக்கவுமில்லை.

ஆகையால், இந்திய அரசு இலங்கை மாணவர்க்கு வழங்கும் நேரு நினைவு, மௌலானா ஆசாத் புலமைப்பரிசில்கள் (முன்னது இளமாணிக்கு, பின்னது முதுமாணிக்கு, கட்டணத்துடன் மாதாந்த உதவிப்பணமும் உண்டு) பற்றிய அறிவித்தல் வெளியானவுடனேயே தோட்டப் பாடசாலைகளின் அறிவித்தல் பலகையில் இடம்பெறுமாறு அதிபர்கள் சிரத்தை கொள்வார்களாயின் பேருபகாரமாகும். முடிவுத் திகதி கழிந்தபின் நகரத்து உறவினர் சொல்லித் தெரிந்துகொள்வதே இங்கு வழக்கமாயிருக்கிறது.

இங்ஙனம்,
தோட்டத்து வாசகர்,
வரக்காப்பொல.