பந்து விளையாடும் மாணவனுக்குச் சம்பளமா?

கல்லூரிப் பையன்கள் பந்து விளையாடுகிறார்கள். அதைப் பார்க்க ஒரு லட்சம் பேர் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறார்கள்!

கதை அல்ல, நிஜம். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான மைதானத்தில் நடப்பது இது. சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் உட்காரக்கூடிய கூட்டத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் அங்கே உட்காரலாம்.

இந்த ஆட்டங்களைக் கைப்பேசியில் பார்க்கிறவர்கள் இப்போது நம் பக்கத்திலும் உண்டு. தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில் அப்படி ஒரு ரசிகர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருக்கு இரண்டு அபிப்பிராயங்கள்.

"படிக்கிற பையனுக்குச் சம்பளம் கொடுத்தால் ஆட்டம் கெட்டுப்போகும்" என்பது ஒன்று. "நம் பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்க ஒருவரும் வருவதில்லையே!" என்பது மற்றொன்று.

இரண்டாவது முழு உண்மை. முதலாவது பாதி உண்மைதான்.

பழத்துக்கூடையில் பிறந்த ஆட்டம்

அமெரிக்கக் கல்லூரிகளில் இரண்டு ஆட்டங்களுக்குத்தான் பெருங்கூட்டம். ஒன்று, அவர்கள் நாட்டுக் கால்பந்து. நீள உருண்டையான பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம் அது. பெயர்தான் கால்பந்து, காலுக்கு வேலை குறைவு!

மற்றொன்று, நமக்கும் தெரிந்த கூடைப்பந்து. 1891-ல் ஸ்பிரிங்பீல்டு என்ற ஊரில், நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் அதைக் கண்டுபிடித்தார். குளிர்காலத்தில் மாணவர்கள் வெளியே போய் ஆட முடியவில்லை. கூடத்துக்குள் ஆட ஓர் ஆட்டம் வேண்டியிருந்தது. பழம் வைக்கும் கூடைகள் இரண்டை உயரக் கட்டினார். முதல் நாள் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடை!

அதே ஸ்பிரிங்பீல்டு கல்லூரியில் படித்த ஹாரி பக் என்ற அமெரிக்கர் சென்னைக்கு வந்தார். 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். இன்றும் நந்தனத்தில் அது இருக்கிறது. அங்கே பயின்ற ஆசிரியர்கள் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஆக, அங்கும் இங்கும் கூடைப்பந்து கல்லூரி வாசல் வழியாகத்தான் வந்தது. பிறகு பாதை பிரிந்துவிட்டது. அங்கே அது வியாபாரம் ஆயிற்று.

யாருக்குப் பணம்?

டிக்கெட் பணம், தொலைக்காட்சிப் பணம், விளம்பரப் பணம் என்று எல்லாம் கொட்டியது. பெரிய அணிகளின் பயிற்சியாளர் சிலருக்கு ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் சம்பளம். ஆடுகிற மாணவனுக்கு? படிப்புக் கட்டணம் இல்லை. சாப்பாடும் அறையும் உண்டு. அதற்கு மேல் காசு வாங்கினால் தண்டனை.

"இவர்கள் தொழிலாளிகள் அல்ல, மாணவ ஆட்டக்காரர்கள்" என்பது விளையாட்டுச் சங்கத்தின் வாதம். அழகான பெயர்தான். அந்தப் பெயர் செய்த வேலையைப் பாருங்கள்.

1955-ல் கொலராடோ மாநிலத்தில் ஒரு கல்லூரி ஆட்டக்காரர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்துபோனார். அவர் மனைவி நஷ்டஈடு கேட்டார். வழக்கு அந்த மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் வரை போயிற்று. "கல்லூரி கால்பந்து வியாபாரம் நடத்தவில்லை, இவர் அதன் தொழிலாளியும் அல்ல" என்ற முடிவுக்கு 1957-ல் நீதிமன்றம் வந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை.

எட் ஓபேனன் கதை வேறு மாதிரி. 1995-ல் தன் கல்லூரிக்குக் கூடைப்பந்துக் கோப்பையை வாங்கித் தந்தவர் அவர். பல ஆண்டு கழித்து, நண்பர் வீட்டில் ஒரு வீடியோ விளையாட்டைப் பார்த்தார். திரையில் ஓடிய பொம்மைக்கு அவரைப் போலவே மொட்டைத் தலை, இடது கை ஆட்டம். சட்டையில் அவருடைய 31-ம் எண்! கடைகளில் விற்கும் விளையாட்டு அது. ஓபேனனுக்கு மட்டும் பங்கில்லை. 2009-ல் வழக்குப் போட்டார். 2014-ல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது.

அதன் பிறகு மதில் மளமளவென்று சரிந்தது. 2021-ல் வேறொரு வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒரே குரலில் ஆட்டக்காரர்கள் பக்கம் நின்றார்கள். அந்த ஜூலை முதல், மாணவர்கள் விளம்பரத்தில் நடித்துச் சம்பாதிக்கலாம் என்றாயிற்று. 2025 ஜூனில் மற்றொரு வழக்கு சமரசத்தில் முடிந்தது. கல்லூரியே ஆட்டக்காரர்களுக்குப் பணம் தரலாம். முதல் ஆண்டில் ஒரு கல்லூரி சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை தரலாம். அன்றைய மதிப்பில் அது சுமார் 175 கோடி ரூபாய்!

இதனால் ஆட்டம் கெடுமா? அதிகப் பணம் தரும் கல்லூரிக்கு ஆட்டக்காரர் ஆண்டுதோறும் தாவுகிறார். பணம் கொண்டுவராத நீச்சல், டென்னிஸ் அணிகளைச் சில கல்லூரிகள் கலைத்துவிட்டன. ரசிகரின் கவலை வீண் அல்ல. ஆனால் பயிற்சியாளர் கோடி டாலர் வாங்கியபோது கெடாத ஆட்டம், பையன் வாங்கும்போது மட்டும் கெட்டுப்போகுமா? இது என்ன நியாயம்!

நம் ஊர் மைதானம்

இங்கே கதை நேர்மாறு. தென்காசிப் பக்கத்துக் கல்லூரிகளுக்கு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. திருநெல்வேலி சாலையில் அபிஷேகப்பட்டியில் அதைப் பார்க்கலாம். கல்லூரிகள் தமக்குள் மோதும். பிறகு பல்கலைக்கழக அணி தென் மண்டலப் போட்டிக்குப் போகும். அங்கே முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் அகில இந்தியப் போட்டி.

இத்தனையும் நடக்கிறது, பார்க்கத்தான் ஆள் இல்லை. குற்றாலத்தில் அருவி விழுகிறதா என்று எட்டிப் பார்க்க வருகிற கூட்டத்தில் நூறில் ஒரு பங்கு வந்தாலே மைதானம் களைகட்டிவிடும்.

ஆனாலும் பலன் இல்லாமல் இல்லை. விளையாட்டுத் திறமைக்காகக் கல்லூரியில் இடம் கிடைக்கிறது. பல கல்லூரிகள் கட்டணத்தைக் குறைக்கின்றன. தமிழ்நாட்டு அரசு வேலையில் வீரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடு உண்டு. தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-லும் 2023-லும் தேசியக் கால்பந்துக் கோப்பையை வென்றார்கள். கடலூரைச் சேர்ந்த இந்துமதி இந்தியாவுக்காக ஆடியவர். தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டரும் ஆனார். "பெண் பிள்ளைக்குப் பந்து எதற்கு?" என்று கேட்கும் தாத்தாக்களுக்கு இதைச் சொல்லலாம்.

மறுபக்கமும் உண்டு. 2022 நவம்பரில் சென்னையில், கால்பந்து ஆடும் கல்லூரி மாணவி ஒருவர் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் உயிர் இழந்தார். அரசு 10 லட்சம் ரூபாய் கொடுத்தது. ஊரெல்லாம் கண்ணீர் வடித்தது.

பந்தாடுகிற பிள்ளைக்கு அடிபட்டால் யார் பொறுப்பு? கொலராடோ விதவை 1955-க்குப் பின் கேட்ட கேள்வி இதுதான். அமெரிக்காவில்கூட, ஆட முடியாமல் போன மாணவனின் உதவித்தொகையை ஆண்டு முடிவில் நிறுத்திவிடும் வழக்கம் நெடுநாள் இருந்தது. ஆட்டத்தைக் காரணம் காட்டி உதவியை நிறுத்தக் கூடாது என்று பெரிய கல்லூரிகள் விதி செய்தது 2015-ல்தான்.

தென்காசிப் பக்கம் சாரல் விழும் நாட்களில்தான் கல்லூரிச் சேர்க்கையும் நடக்கும். மகனுக்கோ மகளுக்கோ விளையாட்டுச் சான்றிதழோடு இடம் கேட்கப் போகிற அப்பா, அம்மா இரண்டு விஷயங்களைக் கேட்கவேண்டும். முழங்கால் போனால் மருத்துவச் செலவு யாருடையது? ஆட முடியாவிட்டாலும் கட்டணச் சலுகை மூன்று வருடமும் உண்டா? பதிலை வாய்ச்சொல்லாக அல்ல, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.