ஆசாரியைத் திட்டாதீர்கள்

நம்ம செஞ்சியில் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஒரே புலம்பல்: "சமையலறை அலமாரி உப்பிவிட்டது சார், ஆசாரி ஏமாற்றிவிட்டார்."

ஆசாரி என்ன செய்வார்? விலை குறைவு என்று எம்.ஆர். பிளைவுட் வாங்கிக் கொடுத்தது நீங்கள். அது காற்றின் ஈரத்தைத் தாங்கும். சிங்க் அடியில் சொட்டும் தண்ணீரைத் தாங்காது. அந்த இடத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்க வேண்டும்.

கணக்கிலும் இதே அலட்சியம். 4 அடி அகலப் பலகையை நடுவில் அறுத்தால் முழு 2 அடித் துண்டு இரண்டு வருமா? வராது. ரம்பம் சுமார் 3 மி.மீ. தின்னும். அதையும் சேர்த்துத் தாளில் வரைந்து கொடுக்காமல், பலகை வீணானதும் கூலியில் பிடிப்பது அநியாயம்.

படித்தவர்கள் நீங்கள். முத்திரையைப் படியுங்கள், அளவை எழுதிக் கொடுங்கள், கூலியை முழுதாகக் கொடுங்கள்.