பழுப்பு நிலக்கரியில் ஒரு சாயம்

நெய்வேலி குவார்ட்டர்ஸில் மரத்தளத்தைத் தேடாதீர்கள், சிமெண்டும் மொசைக்கும்தான். பைன் மரம் வீட்டுக்குள் வந்தால் பேக்கிங் பெட்டியைப் பிரித்துச் செய்த அலமாரியாக வரும். அதற்குத் தேக்கு நிறம் ஏற்ற பெயிண்ட் கடைக்கு ஓடுகிறோம். 1962 முதல் இந்த ஊர் கொதிகலனில் எரிக்கிற லிக்னைட் என்ற பழுப்பு நிலக்கரியே ஒரு மரச்சாயம் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. ஜெர்மனியின் காசெல், கொலோன் பகுதிப் பழுப்பு நிலக்கரியிலிருந்து நிறமி எடுத்தார்கள். சோடா போன்ற காரத்தில் அதன் ஹ்யூமிக் அமிலம் கரைந்து வரும் பழுப்பு நீரைப் பூசினால் மலிவு மரமும் வால்நட் போல மினுக்கும். நம் லிக்னைட்டின் ஹ்யூமிக் அமிலத்தைப் பயிருக்குப் போட ஆராய்ந்தார்கள். நல்லதுதான், தச்சுப்பட்டறைக்கும் கொஞ்சம் வரட்டுமே! எந்தச் சாயமானாலும் பைன் சண்டித்தனம் செய்யும். மெத்தென்ற வெளிர் வரி மடமடவென்று குடிக்கும், கெட்டியான கருவரி வாயைத் திறக்காது. நிறம் திட்டுத் திட்டாக நிற்கும். நீர்ச்சாயம் என்றால் முதலில் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் சிலிர்த்து நிற்கும் நாரை உப்புத்தாளால் தேய்த்துவிட்டுப் பூசுங்கள். சுரங்கப் பக்கமிருந்து தூசியோடு காற்றடிக்கும் நாளில் மட்டும் வார்னிஷ் டப்பாவைத் திறக்க வேண்டாம்.