கம்ப்யூட்டர் இசையும் கம்சாளே தாளமும்

அமாவாசை வந்துவிட்டால் மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் பஸ்களில் இடம் கிடைப்பது அரிது. மைசூரில் இருந்து சுமார் 150 கிலோ மீட்டர் தூரம். மேட்டூர், பாலாறு வழியாகச் சேலம், ஈரோடு, தர்மபுரி மாவட்ட மக்களும் திரண்டு வருகிறார்கள். கர்நாடகத்தில் பிழைக்க வந்த தமிழர்களிலும் மாதேஸ்வரனைக் கும்பிடுவோர் உண்டு.

இது நேற்று வந்த உறவு அல்ல. கொள்ளேகால் வட்டாரம் 1956 வரை சென்னை மாநிலத்தின் கோவை மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டம். 1997 முதல் சாம்ராஜ்நகர் மாவட்டம். எல்லைக்கோடு மாறியது, பக்தர்களின் பாதை மாறவில்லை.

அந்த மலைக்கு உரிய இசை கம்சாளே. இடது உள்ளங்கையில் கிண்ணம் போன்ற ஒரு வெண்கலத் தாளம். வலது கையில் கயிற்றில் கட்டிய தட்டையான இன்னொரு தாளம். அதைத் தலைக்கு மேலும் முதுகுக்குப் பின்னும் சுழற்றி வீசி, கிண்ணத்தில் தட்டி ஒலி எழுப்புகிறார்கள். மாதேஸ்வரனுக்கு நேர்ந்துகொண்டு தீட்சை பெற்றவர்களின் கலை இது. ஊர் ஊராகச் சென்று அவன் கதையை இரவெல்லாம் பாடியவர்கள் அவர்கள்.

இன்று அந்த மலையைப் பற்றி ஒரு பக்திப் பாட்டு தயாரிக்க, தாளக்காரரோ மேளக்காரரோ தேவை இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்று போதும். அதற்குள்ளேயே எல்லா வாத்தியங்களும் மென்பொருளாக இருக்கின்றன. இது வரவேற்கத்தக்கதா, வருந்தத்தக்கதா என்பதே கேள்வி.

எண்களில் பிறக்கும் ஒலி

கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது எண் மட்டுமே. வினாடிக்கு 44,100 எண்களைக் கணக்கிட்டு ஒலிபெருக்கிக்கு அனுப்பினால், அது நல்ல தரமான ஒலியாகக் கேட்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மேக்ஸ் மேத்யூஸ் 1957-ல் இந்த முறையில் இசையை உருவாக்கிக் காட்டினார். அன்று ஒலித்தது 17 வினாடி மட்டுமே. அதற்கு ஓர் அறையையே அடைத்த ராட்சத இயந்திரம் தேவைப்பட்டது.

தமிழ் சினிமாவில் 1986-ல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கம்ப்யூட்டரைக் கையாண்டார். 1992-ல் 'ரோஜா' வந்தபோது, ஏ.ஆர்.ரகுமான் வீட்டை ஒட்டிய ஒலிப்பதிவுக் கூடம் நாடெங்கும் பேசப்பட்டது. ஆனால் அந்தக் கருவிகளின் விலை மாதச் சம்பளக்காரரின் கைக்கு எட்டாதது.

1999-க்குப் பின் நிலைமை மாறியது. வாத்தியக் கருவியையே மென்பொருளாக்கி வீட்டுக் கம்ப்யூட்டரில் இயக்கும் வசதி பரவியது. இன்று 'சர்ஜ்', 'டெக்செட்' போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பகலில் ஆலையில் வேலை பார்க்கும் இளைஞன், இரவில் வாடகை அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் தூக்கம் கெடாமல் முழுப் பாட்டுக்கும் இசை அமைத்துவிடலாம். வசதி படைத்தவருக்கு மட்டுமே திறந்திருந்த கதவு ஏழைக்கும் திறந்திருக்கிறது. இதைக் குறை சொல்வது நியாயம் ஆகாது.

வெண்கலத்தின் குணம்

சிலர், "இயந்திரத்தால் வெண்கல ஒலியைத் தர முடியாது" என்கிறார்கள். அது சரியல்ல. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் சௌனிங் 1967-ல் ஒரு வழி கண்டுபிடித்தார். ஓர் அதிர்வைக் கொண்டு இன்னோர் அதிர்வை வேகமாக அசைக்கும் முறை அது. இரண்டுக்கும் உள்ள விகிதம் முழு எண்ணாக இருந்தால் ஊதுகுழல் போன்ற ஒலி வரும். முழு எண்ணாக இல்லாவிட்டால் மணியோசை வரும். வெண்கல ஓசையும் வரும்.

ஆகவே 'டிங்' என்ற ஓசை கிடைத்துவிடும். கிடைக்காதது வேறு. கம்சாளே கலைஞரின் வீச்சில் ஒவ்வொரு தட்டும் ஒவ்வொரு விதம். தாளம் விளிம்பில் பட்டால் ஒரு நாதம், நடுவில் பட்டால் வேறு நாதம். அவர் குனிகிறார், சுழல்கிறார், மூச்சு வாங்குகிறார். அந்த உடம்பின் அசைவில்தான் தாளம் பிறக்கிறது. பொத்தானை அழுத்தினால் ஒரே தட்டு ஆயிரம் முறை ஒலிக்கும். ஆட்டம் இல்லாத கம்சாளே வெறும் ஓசைதான்.

இதில் வயிற்றுப்பாடும் அடங்கியிருக்கிறது. கலைஞரை அழைக்காமலே அவருடைய ஓசையைப் போலச் செய்துகொண்டால், அவருடைய கூலி போகிறது. கூலி போனால் அவர் மகன் கற்றுக்கொள்ள மாட்டான். ஒரு தலைமுறை விட்டுப்போனால், பிறகு போலச் செய்வதற்குக்கூட அசல் இருக்காது.

செய்ய வேண்டியது என்ன?

கம்ப்யூட்டரில் இசை அமைக்கும் இளைஞர்கள் உலகில் இல்லாத புது ஓசைகளைத் தாராளமாகப் படைக்கட்டும். மென்பொருளின் பெருமையே அதுதான். கம்சாளே வேண்டும் என்றால் கம்சாளே கலைஞரை அழைக்கட்டும். ஒரு மைக்கும் ஒரு மணி நேரமும் போதும். பேசிய கூலியைக் கையில் கொடுத்து, பாட்டில் அவர் பெயரையும் போடட்டும். பதிவு செய்த ஒலியை வேறு பாட்டுக்கு எடுத்தால், அதற்கும் பங்கு தரட்டும்.

கர்நாடகத்தில் உள்ள தமிழ்ச் சங்கங்களும் இதில் அக்கறை காட்டலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர் பிள்ளைகளுக்கு இலவச இசை மென்பொருள்களைக் கற்றுத் தரலாம். அதே மேடையில் கம்சாளே கலைஞர்களை அழைத்து ஆடச் செய்யலாம். கன்னடக் கலைஞரும் தமிழ் இளைஞனும் சேர்ந்து ஒரு பாட்டு செய்தால், இரு மொழியாரிடையே நல்லுறவுக்கு அதைவிடச் சிறந்த சாட்சி வேண்டியதில்லை.

மலைக்கு நடந்து போனவர்களும் உண்டு. பஸ்ஸில் போகிறவர்களும் உண்டு. வாகனம் மாறியதால் மாதேஸ்வரன் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் போகிற வழியில் பாடுகிறவரைப் பட்டினி போட்டுவிட்டுப் போவது பக்தியும் ஆகாது, இசையும் ஆகாது.