328க்கும் 330க்கும் நடுவில் எத்தனை ஆயிரம் ரூபாய்?

புறக்கோட்டையில் இருந்து வெள்ளவத்தை வரைக்கும் இயர்பட்ஸ் விற்கிற இடமெல்லாம் ஒரே வசனம்தான்: "தம்பி, இது 5.3. சவுண்ட் வேற லெவல்." 5.3 என்பது புளூடூத்தின் பதிப்பு எண். அதை மட்டும் வைத்துப் பாட்டு எப்படிக் கேட்கும் என்று சொல்ல முடியாது. பாட்டைச் சுருக்கி அனுப்புகிற வேலை கோடெக்கினுடையது. மலிவுப் பெட்டிகளில் அதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. விலை கூடிய பெட்டியிலோ அதுக்கெண்டே தங்க நிற ஸ்டிக்கர் மினுங்கும். அந்த ஸ்டிக்கரோடுதான் எங்களுக்குச் சண்டை.

சீடித் தரத்துக்குச் செக்கனுக்கு 1,411 கிலோபிட் வேணும். புளூடூத்தில் அவ்வளவு போகாது, அதனால்தான் சுருக்கம். எல்லாக் கருவியிலும் கட்டாயம் இருக்கிற எஸ்பிசி வழக்கமாக 328 வரை அனுப்பும். சோனியின் எல்டாக் 990, 660, 330 என மூன்று படிகளில் ஓடும். விளம்பரத்தில் வருவது 990 மட்டும்.

கோடெக் ஒரு பாஷை மாதிரி. போனுக்கும் தெரியவேணும், இயர்பட்ஸுக்கும் தெரியவேணும். பொதுவாக வேறொன்றும் இல்லையென்றால் இரண்டும் எஸ்பிசிக்கு இறங்கிவிடும். ஆண்ட்ராய்ட் 2017இல் வந்த 8.0 பதிப்பிலேயே எல்டாக்கைச் சேர்த்துக்கொண்டது. ஐபோனுக்கு எல்டாக்கும் தெரியாது, ஆப்டெக்ஸும் தெரியாது. ஐபோன் வைத்திருக்கிற பிள்ளைக்கு எல்டாக் என்று சொல்லி விலையைக் கூட்டுவது பச்சை ஏமாற்று.

சரி, ஆண்ட்ராய்ட்தான் என்று வைப்போம். காலி வீதியில் பின்னேரம் 100ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறுங்கோ. புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹேட்ஸில், வைஃபையும் அங்கேதான் நெரிபடுகிறது. போன் காற்சட்டைப் பையில் இருந்தால் நடுவில் எங்கட உடம்பே நின்று அலையை விழுங்கும். 990இல் பிடித்து வைத்தால் பாட்டு விட்டு விட்டு வரும். தானாகச் சரிசெய்ய விட்டால் 330 வரைக்கும் இறங்கும். கொடுத்த காசுக்குக் கிடைத்தது இரண்டு கிலோபிட். இதற்குள் ஒரே நேரத்தில் இரண்டு கருவியோடு இணைத்தால் எல்டாக்கை நிறுத்திவிடுகிற மொடல்களும் உண்டு.

பாட்டு எங்கிருந்து வருகிறது? ஸ்பொட்டிஃபை 2021இல் இலங்கைக்கு வந்தது. காசு கட்டாத கணக்குக்கு உச்சமே 160. குழாயைப் பெருசாக்கினால் வழியில் சிந்துவது குறையும். தாங்கியில் இல்லாத தண்ணீர் வராது.

இதைவிட மோசம் மைக். கோல் எடுத்த உடனே வழக்கமான புளூடூத் வேறு வழிக்கு மாறும், எல்டாக் அங்கே இல்லை. பழைய முறையென்றால் குரலைச் செக்கனுக்கு 8,000 தடவைதான் மாதிரி எடுக்கும், கொஞ்சம் நல்லதென்றால் 16,000. ஒன்லைன் வகுப்பும் வேலைக்கான நேர்முகமும் இதில்தான் நடக்கின்றன. எங்கட குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதைப் பற்றி எந்த ஸ்டிக்கரும் பேசாது.

"காது இருக்கிறவனுக்கு வித்தியாசம் விளங்கும்" என்பார்கள். அமைதியான அறையில், நல்ல கோப்பில் விளங்கலாம், மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் கேட்பது பஸ்ஸிலும் ரயிலிலும். 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரை ஏறியதை வீட்டுக்குள் இருந்து பார்த்த வயது எங்களுடையது. 2024 முதல் வற் வரி 18 வீதம். எங்களுக்கு ஆயிரம் ரூபாய் சின்னக் காசு இல்லை.

ஆகவே கடைக்காரருக்கு: எந்தக் கோடெக், எந்தப் போனோடு வேலை செய்யும் என்று விலைத் துண்டில் எழுதுங்கோ, மூன்று மொழியிலும். ரிவியூ செய்கிறவர்களுக்கு: எந்தப் போனில், எந்த இடத்தில் கேட்டீர்கள் என்று சொல்லுங்கோ. அறைக்குள் இருந்து "கிளியர்" என்றால் போதாது.

வாங்குகிற நாங்கள் மூன்று காரியம் செய்வோம். போனின் டெவலப்பர் செட்டிங்கில் எந்தக் கோடெக் ஓடுகிறது என்று பார்ப்போம். கடை வாசலில் நின்று, வாகனச் சத்தத்துக்குள், ஒருவருக்குக் கோல் எடுத்துக் கதைப்போம். வயர் இயர்போனின் விலையையும் கேட்போம், அதுக்குக் கோடெக்கும் வேண்டாம், சார்ஜும் வேண்டாம். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். காசு எங்கடது.